வலிப்பு மாதிரி தெரிகிறதா? நரம்பியல் மருத்துவரிடம் யாரை, எப்போது அனுப்ப வேண்டும்: முழு வழிகாட்டி

போன மாதம் 34 வயதுக்காரர் ஒருவர் மஞ்சள் பையோடு என் கிளினிக்குக்கு வந்தார். பை நிறைய ஓ.பி. சீட்டு, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோனவை. 9 வயதில் வலிப்பு ஆரம்பித்திருக்கிறது. 25 வருடத்தில் ஃபெனிடாயின், கார்பமசெபின், வால்ப்ரோயேட், குளோபசாம் என்று எல்லாம் மாறி மாறிப் போயிருக்கிறது. அவர் வந்த அன்று 3 மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்படியும் மாதத்துக்கு நாலைந்து தடவை வருகிறது. பையைக் கடைசிச் சீட்டு வரை பிரித்துப் பார்த்தேன். "நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்" என்று ஒரு சீட்டில்கூட யாரும் எழுதவில்லை.

அவரை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதன்மையாக, புதிதாகக் கிளினிக் போட்டிருக்கிற டாக்டர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்களுக்கும். ஆனால் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் நீங்களும் படிக்கலாம், நீங்களே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இதில் இருக்கின்றன.

முதல் படி: பார்த்தவரைக் கூப்பிடுங்கள்

வலிப்பா இல்லையா என்பதை எந்த ஸ்கேனையும்விட நன்றாகச் சொல்வது, அது வந்தபோது பக்கத்தில் இருந்தவர்தான். நோயாளிக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஆகவே, கூட வந்தவர் பார்க்கவில்லை என்றால், பார்த்தவருக்கு அங்கேயே போன் போடச் சொல்லுங்கள்.

"கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு, நுரை தள்ளுச்சு" என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்? நின்றுகொண்டா, படுத்துக்கொண்டா, தூக்கத்திலா? முதலில் எந்தப் பக்கம் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது? கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? முகம் நீலம் பாய்ந்ததா, வெளுத்ததா? நின்ற பிறகு நம்மை அடையாளம் தெரிந்து பேச எவ்வளவு நேரம் ஆனது? நாக்கைக் கடித்திருந்தால் எங்கே என்று நீங்களே வாயைத் திறந்து பாருங்கள், ஓரத்தில் கடிபட்டிருந்தால் வலிப்புக்கே அதிக வாய்ப்பு.

சாதாரண மயக்கத்திலும் சில விநாடி கை கால் உதறும், பலருக்கு இது தெரியாது. கோயில் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவர் கண் இருட்டி, வேர்த்து, முகம் வெளுத்து விழுந்து, ரெண்டு மூன்று உதறல் உதறி, அரை நிமிடத்தில் எழுந்து "என்ன ஆச்சு" என்று தெளிவாகக் கேட்டால் அது பெரும்பாலும் மயக்கம்தான். வலிப்பு வந்தவர் அப்படி எழ மாட்டார், அடித்துப் போட்ட மாதிரி கிடப்பார், குழம்பிப் போயிருப்பார், அப்புறம் தூங்கிவிடுவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டி, 20 நிமிடம் விட்டு விட்டு வந்தால் அது மன அழுத்தத்தால் வரும் வலிப்பாக இருக்கலாம். அதை "நடிப்பு" என்று சொல்லிவிடாதீர்கள், அப்படி வருபவருக்கு அது உண்மையான நோய். வீடியோ இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்யும் சோதனை) எடுத்து உறுதி செய்ய அவரையும் அனுப்பத்தான் வேண்டும், இல்லையென்றால் வருடக்கணக்கில் தேவையில்லாத வலிப்பு மாத்திரை ஓடும்.

கையில் சாவி கொடுத்ததும் நின்றுவிட்டது என்று வருவார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், சாவியைத் தேடி எடுக்க ஆகும் நேரமும் அவ்வளவுதான். அடுத்த தடவை ஒருவர் ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும் என்று சொல்லி அனுப்புங்கள். மருத்துவர் கையில் நீங்கள் கொடுக்கக்கூடியதில் அந்த ஒரு நிமிட வீடியோவுக்கு ஈடு எதுவும் கிடையாது.

இழுக்காத வலிப்பும் உண்டு. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று பார்வை நிலைகுத்தும், வாயைச் சப்புக் கொட்டுவார், சட்டை பட்டனைத் தடவித் தடவி நெருடுவார், ஒன்று ரெண்டு நிமிடத்தில் தெளிவார். சிலருக்கு அதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரி இருக்கும். ஊரில் இதைக் காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் "பாடத்தைக் கவனிக்காமல் வெறித்துப் பார்க்கிறாள்" என்று டீச்சர் எழுதி அனுப்புகிற 7 வயதுக் குழந்தைக்கு, நாளைக்கு இருபது முப்பது தடவை 10 விநாடி நினைவு தவறிக்கொண்டிருக்கலாம். இதயம், நுரையீரல் எல்லாம் நன்றாக இருக்கிற குழந்தை என்றால், கிளினிக்கிலேயே ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து 3 நிமிடம் விடாமல் ஊதச் சொல்லுங்கள். காற்றாடி நிற்கும், குழந்தை அப்படியே உறைந்து நிற்கும், மறுபடி ஒன்றுமே நடக்காத மாதிரி ஊத ஆரம்பிக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

இரண்டாம் படி: அப்பாயின்ட்மென்ட் இல்லை, 108

சிலரை நரம்பியல் ஓ.பி.க்கு அனுப்பக் கூடாது, உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 5 நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு, நினைவு திரும்பாமலே அடுத்தடுத்து வரும் வலிப்பு, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் குழப்பமும் சேர்ந்த வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு வந்தது, ஒரு பக்கக் கை கால் விழுந்துபோய் வந்தது எல்லாம் இதில் சேரும். 5 நிமிடத்தில் தானாக நிற்காதது பிறகு தானாக நிற்பது கஷ்டம், 30 நிமிடம் போனால் மூளைக்கே சேதம் வரலாம். உங்களிடம் வலிப்பை நிறுத்தும் மருந்தான லொராசெபாமோ மிடசோலாமோ இருந்தால் வண்டி வரும் வரை காத்திருக்காமல் கொடுங்கள். மிடசோலாம் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாகவே கிடைக்கிறது.

கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகு வலிப்பு என்றால், வேறு என்று நிரூபிக்கும் வரை அது எக்லாம்ப்சியாதான் (கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறில் வரும் வலிப்பு), மக்னீசியம் சல்ஃபேட் போட்டுவிட்டு மகப்பேறு வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். குழந்தை பெற்று ஒன்றிரண்டு வாரத்தில் தாங்க முடியாத தலைவலியோடு வலிப்பு வந்தால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். நம் ஊரில் இது அரிது அல்ல. உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் பத்தியம் வைக்கிற வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பது நம் வேலை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பயம் தருவது. 3 மாதத்திலிருந்து 1 வயதுக்குள் இருக்கும் குழந்தை, தூங்கி எழுந்ததும், கும்பிடுகிற மாதிரி தலையும் கையும் சட்டென்று முன்னால் மடங்கி, சில விநாடி விட்டு மறுபடி, மறுபடி என்று தொடர்ச்சியாக வருகிறது. வீட்டில் "திடுக்கிடுது", "வயித்து வலி" என்பார்கள். குழந்தை சிரிப்பது, முகம் பார்ப்பது குறைந்திருக்கும். இது இன்ஃபன்டைல் ஸ்பாசம். ஒவ்வொரு வாரத் தாமதமும் அந்தக் குழந்தையின் புத்தி வளர்ச்சியைத் தின்கிறது. ஒன்றிரண்டு நாளுக்குள் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும், நீங்களே போன் செய்து பேசி அனுப்புங்கள்.

மூன்றாம் படி: கிளினிக்கிலேயே முடிக்க வேண்டியவை

குளுக்கோமீட்டர் முதலில். சர்க்கரை குறைந்தும் வலிப்பு வரும், கூடியும் வரும். 400, 500 என்று ஏறிக் கிடக்கிற வயதானவருக்கு ஒரு கையோ வாயின் ஓரமோ மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும், வலிப்பு ஊசி போட்டாலும் சரியாக நிற்காது, சர்க்கரை இறங்கினால் நிற்கும். வாந்தி பேதியில் வந்தவருக்கும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதானவருக்கும் சோடியம் பாருங்கள்.

குடியைக் கேளுங்கள், தனியாக அழைத்துக் கேளுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். கார்த்திகையில் மாலை போட்டு அன்றோடு குடியை விட்டவர் மறுநாள் வலிப்பு வந்து கிடப்பதை எங்கள் பக்கம் வருடா வருடம் பார்க்கிறோம். வலிக்கு டிராமடால் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், அதுவும் வலிப்பைத் தூண்டும்.

அப்புறம் ஒரு இ.சி.ஜி., வலிப்பு என்று வந்த எல்லோருக்கும். ஓடும்போதோ பயந்தபோதோ விழுந்தவர், குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் உண்டு என்பவர் முதலில் போக வேண்டியது இதய மருத்துவரிடம். நீண்ட க்யூ.டி. என்கிற இதயக் கோளாறு வலிப்பு மாதிரியே வேஷம் போடும், கண்டுபிடிக்காமல் விட்டால் உயிர் போகும்.

காய்ச்சலோடு வரும் குழந்தை வலிப்பு, ஊரில் ஜன்னி என்பார்களே, அது தனிக் கணக்கு. 6 மாதம் முதல் 5 வயது வரை, உடம்பு முழுக்க, 15 நிமிடத்துக்குள், 24 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை, வந்த பிறகு குழந்தை தெளிவாக விளையாடுகிறது என்றால் நரம்பியல் மருத்துவர் தேவையில்லை, காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று பாருங்கள், தாயைத் தைரியப்படுத்துங்கள். இதில் ஏதாவது ஒன்று மாறினாலோ, வளர்ச்சி பின்தங்கிய குழந்தையாக இருந்தாலோ அனுப்புங்கள்.

நான்காம் படி: முதல் வலிப்புக்கே அனுப்பலாமா?

அனுப்பலாம் இல்லை, அனுப்ப வேண்டும். "ஒரு தடவைதானே, இன்னொரு தடவை வந்தால் பார்ப்போம்" என்பதை விட்டுவிடுவோம். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி, முதல் வலிப்பு என்று சந்தேகம் வந்தவரை 2 வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் மாவட்டத் தலைநகரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் ஓ.பி. நடக்கும் கிழமையை விசாரித்து வைத்துக்கொண்டால் இந்த 2 வாரம் ஒன்றும் முடியாத காரியம் அல்ல.

காரணம் இருக்கிறது. தூண்டுதல் எதுவும் இல்லாமல் முதல் தடவை வலிப்பு வந்த பெரியவர்களில் 21 முதல் 45 சதவீதம் பேருக்கு 2 வருடத்துக்குள் மறுபடி வருகிறது. பழைய கணக்குப்படி, 24 மணி நேர இடைவெளி தாண்டி இரண்டு தடவை வந்தால்தான் அதற்கு வலிப்பு நோய் என்று பெயர். ஐ.எல்.ஏ.இ. என்கிற சர்வதேச அமைப்பு 2014-ல் இதை மாற்றியது. ஒரே தடவை வந்திருந்தாலும், அடுத்த 10 வருடத்தில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் வலிப்பு நோய்தான். பழைய பக்கவாதத் தழும்பு இருப்பவர் இதில் வரலாம். அந்தக் கணக்கைப் போடத்தான் நிபுணர்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைக்கு வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றும்போது மட்டும் வருகிற வலிப்பு தென்னிந்தியாவில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. "குளிக்கும்போது மட்டும் வருதா?" என்று கேளுங்கள். வெந்நீரின் சூட்டைக் குறைப்பதும், குளிப்பதற்கு முன் மட்டும் ஒரு மாத்திரை எடுப்பதுமே பலருக்குப் போதுமாகிறது. கேட்கத் தவறினால் வருடக்கணக்கில் தினமும் மாத்திரைதான்.

அனுப்புவதற்கு முன் நீங்களே மாத்திரை ஆரம்பிக்கலாமா? ஒரே தடவை வந்து, ஆள் நன்றாக இருந்தால் அவசரம் இல்லை. வாரத்தில் ரெண்டு மூன்று வந்துவிட்டது, நிபுணரைப் பார்க்க நாள் ஆகும் என்றால் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வகை தெரியாமல் கொடுக்கிற மாத்திரை கெடுதல் செய்யும். பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி, காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி, டூத் பிரஷ் பறக்கும், காபி டம்ளர் கீழே போகும், அம்மா "கவனம் எங்கே இருக்கு" என்று திட்டிக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு இரவெல்லாம் கண் விழித்த ஒரு காலையில் பெரிய வலிப்பு வந்துவிட்டது. ஒரு இடத்தில் கார்பமசெபின் கொடுத்தார்கள், உதறல் மூன்று மடங்கானது. அது ஜே.எம்.இ. என்கிற வகை, அதற்குக் கார்பமசெபினும் ஃபெனிடாயினும் ஆகாது. டம்ளர் விழுகிற கதையை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இ.இ.ஜி. நார்மல் என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாகத்தான் வரும். சி.டி. ஸ்கேனும் அப்படித்தான், பெரிய கட்டி, ரத்தக்கசிவு தெரியும், சின்னத் தழும்பு தெரியாது. வலிப்புக்கென்றே எடுக்கிற எம்.ஆர்.ஐ. முறை ஒன்று உண்டு, அதை நிபுணர் எழுதித் தரட்டும், இல்லையென்றால் ரெண்டு தடவை காசு செலவாகும்.

ஸ்கேனில் சின்ன வளையம் போல ஒரு புள்ளி இருந்தால் நாடாப்புழுக் கட்டியாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். "நாங்க சைவம்" என்பவர்களுக்கும் வரும், புழு முட்டை கலந்த தண்ணீரும் கழுவாத கீரையும் போதும். அல்பெண்டசோல் என்கிற புழு மருந்துக் கோர்ஸை நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். நிறையக் கட்டிகள் இருக்கிற மூளை அதனால் வீங்கிவிடும், கண்ணுக்குள் கட்டி இருந்தால் பார்வையே போகலாம். கண் பரிசோதனை, ஸ்டீராய்டு எல்லாம் முடிவு செய்த பிறகுதான் அது.

ஐந்தாம் படி: ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள்

முதல் வலிப்புக்காரரைப் பயத்திலாவது எங்கேயாவது கூட்டிப்போய்விடுவார்கள். மாதா மாதம் வந்து அதே மாத்திரையை வாங்கிப் போகிறவர்களைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். "எப்படி இருக்கீங்க?" "பரவாயில்லை டாக்டர்." அந்தப் பரவாயில்லைக்குள் மாதம் நாலு வலிப்பு ஒளிந்திருக்கும். "கடைசியா எந்தத் தேதியில் வந்தது?" என்று கேட்டால்தான் வெளியே வரும்.

இங்கே விதி எளிது. வகைக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளை, போதுமான அளவில், ஒழுங்காகச் சாப்பிட்டும் நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. 2010-ல் ஐ.எல்.ஏ.இ. வகுத்தது இது. மூன்றில் ஒருவர் இப்படி இருக்கிறார்கள். 2000-ல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு நின்றது, இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம், அதற்கு மேல் எத்தனை மாற்றியும் 4 சதவீதம்தான். மூன்றாவது, நான்காவது என்று நீங்கள் எழுதிக்கொண்டே போவதில் வருடங்கள் போகின்றன. இரண்டு தோற்றால் அனுப்புங்கள், அதுவும் சாதாரண ஓ.பி.க்கு இல்லை, அறுவைச் சிகிச்சை மதிப்பீடு செய்கிற மையத்துக்கு.

அதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: உண்மையிலேயே சாப்பிடுகிறாரா? விரதம், மாத்திரை தீர்ந்துபோனது, "சூடு" என்று பாதியாக உடைத்துச் சாப்பிடுவது, கல்யாண வீட்டில் தெரிந்துவிடும் என்று அன்று விட்டது, எல்லாவற்றையும் கோபப்படாமல் கேளுங்கள். ஃபெனிடாயின் அளவைக் கொஞ்சம் கூட்டினாலே சிலருக்கு ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக ஏறிவிடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஆகவே "இன்னும் ஒரு மாத்திரை சேர்த்துக்கோங்க" என்பதை யோசித்துச் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சை என்றதும் "மூளையில் கத்தியா" என்று குடும்பமே எழுந்துவிடும். எண்களைச் சொல்லுங்கள். 2001-ல் கனடாவில் பெரியவர்களுக்கு நடந்த ஆய்வில், டெம்போரல் மடலில் (காதுப் பக்கமாக இருக்கும் மூளைப் பகுதி) அறுவை செய்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் நினைவு தவறும் வலிப்பு நின்றிருந்தது, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 8 சதவீதம். 2017-ல் டெல்லி எய்ம்ஸ் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் அறுவை செய்தவர்களில் 77 சதவீதம், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றிருந்தது. இது நமக்குப் புதிதும் அல்ல, 1952-லேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி வலிப்புக்கு அறுவை செய்திருக்கிறார். இன்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட், பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. எல்லாம் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கின்றன. எல்லோருக்கும் அறுவை பொருந்தாது. ஆனால் பொருந்துமா என்று பார்க்கக்கூட அனுப்பாமல் விடுவது நியாயம் இல்லை. கட்டுப்படாத வலிப்பில் தூக்கத்திலேயே உயிர் போகிறதும் உண்டு, வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் என்பது கணக்கு, கட்டுப்படாதவர்களுக்கு இன்னும் அதிகம்.

மஞ்சள் பைக்காரருக்கு எம்.ஆர்.ஐ.யில் டெம்போரல் மடலின் உள்பக்கம் தழும்பு தெரிந்தது. அறுவைக்கு மிகப் பொருத்தமான வகை. 25 வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கும்.

2 வருடத்துக்கு மேல் வலிப்பே வராமல் இருப்பவர் மாத்திரையை நிறுத்தக் கேட்டாலும் அனுப்புங்கள். எல்லோருக்கும் நிறுத்த முடியாது, ஜே.எம்.இ.க்காரர்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.

ஆறாம் படி: பெண்களைத் தள்ளிப்போடாதீர்கள்

கல்யாண வயதில் இருக்கும் எந்தப் பெண்ணும் வால்ப்ரோயேட் சாப்பிட்டால், வலிப்பு நின்றிருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் நூற்றில் சுமார் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை, 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு. மாற்று மருந்துக்கு மெதுவாக மாற மாதங்கள் ஆகும், அதனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேச வேண்டிய பேச்சு இது. ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டால் பதறிப்போய் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், திடீர் நிறுத்தமே தாயின், குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த வாரமே அனுப்புங்கள், ஃபோலிக் அமிலம் ஓடட்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். திருமணத்துக்குத் தடையாகச் சொல்லப்பட்டிருந்த வலிப்பு என்ற சொல்லை 1999-ல் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கடிதம்

"வலிப்பு, தயவுசெய்து பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அங்கே கூட்டத்தில் அவருக்குக் கிடைக்கிற 5 நிமிடம் பழைய கதை கேட்பதிலேயே போய்விடும். ஒரு பக்கம் எழுதுங்கள்: முதலில் வந்த வயது, பார்த்தவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, பார்த்தவரின் போன் எண், மாதத்துக்கு எத்தனை, பிரசவத்தில் சிக்கல் அல்லது சின்ன வயதில் நீண்ட காய்ச்சல் வலிப்பு உண்டா, சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் அதிகபட்ச அளவும் அதை ஏன் நிறுத்தினார்கள் என்பதும், சர்க்கரை, இ.சி.ஜி. முடிவு. ஸ்கேன் ரிப்போர்ட் போதாது, ஃபிலிமோ படம் பதிந்த டிஸ்க்கோ கையில் இருக்கட்டும். வீடியோ யார் போனில் இருக்கிறதோ அவரும் கூடப் போகட்டும்.

போகும் நாள் வரை

வண்டி ஓட்ட வேண்டாம், ஓட்டுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். கிணறு, குளம், மொட்டை மாடி விளிம்பு, தனியாக அடுப்பில் சமையல் வேண்டாம். தூக்கம் கெடக் கூடாது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் வைக்காமல் இருப்பது, கடிகாரம் பார்ப்பது, 5 நிமிடம் தாண்டினால் 108, இந்த நான்கையும் வீட்டில் உள்ள எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லவைத்து அனுப்புங்கள். குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளலாம், தாழ்ப்பாள் மட்டும் போட வேண்டாம்.